ஸுயூத்தியின் மூடிய கதவு: எழுத்துக் களவு குறித்து ஒரு மீள்வாசிப்பு

நம் அரபுக் கல்லூரிகளில் பலாகத் கலைக்குப் பாடமாக ஓதப்படுவது அல்லாமா தஃப்தாஸானீ (ரஹ்) அவர்களின் ‘முக்தஸருல் மஆனீ’. கத்தீப் கஸ்வீனீ (மறைவு: ஹிஜ்ரி 739 / கி.பி. 1338) இயற்றிய ‘தல்கீஸுல் மிஃப்தாஹ்’ என்னும் மூலத்திற்கு எழுந்த விரிவுரை அது. மஆனீ, பயான், பதீஃ ஆகிய மூன்று கலைகளும் முடிந்தபின், நூலின் கடைக்கோடியில் ஒரு சிறு ‘காத்திமா’ இருக்கிறது. அதன் பொருள் ‘ஸரிக்காத் ஷிஃரிய்யா’, அதாவது கவிதைக் களவுகள். ஷஃபான் பிறந்து ஆண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில்தான் பாடம் அங்கு வந்து சேரும். “ஹஸ்ரத், இது தேர்வுக்கு வருமா?” என்று மாணவர் கேட்பர். வராது என்போம். கிதாபு மூடப்படும். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்த இயலை நாம் இவ்வாறே கடந்து வந்தோம். நம் எழுத்து களவு போன பிறகுதான் அதை ஒழுங்காகத் திறந்து படித்தோம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் உண்மை அதுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 2011இல் ஒரு மாநாட்டு மலருக்காகத் ‘தஃப்ஸீர் ஜலாலைனி’ன் இரு ஆசிரியர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினோம். ஜலாலுத்தீன் மஹல்லீ (ரஹ்) கஹ்ஃப் அத்தியாயம் தொடங்கி இறுதிவரை எழுதி, பாத்திஹா அத்தியாயத்தையும் முடித்த நிலையில் மறைந்தார். எஞ்சியதை, பகரா முதல் இஸ்ரா முடிய, ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ரஹ்) ஹிஜ்ரி 870இல் 40 நாள்களில் எழுதி நிறைவு செய்தார். அப்போது அவருக்கு வயது 21. அக்கட்டுரை அச்சேறியபோது ஒரு பிழை நேர்ந்தது. மஹல்லீ இமாமின் மறைவு ஆண்டான 864, எண்கள் இடம் மாறி 846 என்று பதிவாகிவிட்டது. ஸுயூத்தீ இமாம் பிறந்ததோ 849இல். பிழைதிருத்தம் பார்த்தவர் நாமே ஆகையால் யாரையும் நோவதற்கில்லை.

2018இல் நண்பர் ஒருவர் 48 பக்கச் சிறு நூல் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். ஜலாலைன் பற்றியது. முதல் பக்கத்தின் நடை நமக்குப் பழக்கமானதாகத் தோன்றியது. இரண்டாம் பக்கத்தில் ஐயம் வந்தது. 11ஆம் பக்கத்தில் மஹல்லீ இமாம் ஹிஜ்ரி 846இல் வஃபாத் ஆனார் என்று இருந்தது. ஐயம் தீர்ந்தது. ஸுயூத்தீ பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே மஹல்லீயை மறையச் செய்தவர் தமிழ் உலகில் நாம் ஒருவரே. நூலை எழுதியதாகப் பெயர் போட்டிருந்தவர் நம்மிடம் ஓதி ஸனது பெற்றவர். நம் பெயர் எங்குமில்லை.

இத்தகைய நேரத்தில் மனிதர் செய்வதையெல்லாம் நாமும் செய்தோம். நான்கு பக்கக் கடிதம் ஒன்று எழுதி, உறையிலிட்டு, அனுப்பாமல் வைத்தோம். இரு நண்பர்களிடம் சொல்லிக் குமுறினோம். பிறகுதான், இந்த இடத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தோன்றியது. அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

காத்திமாவுக்கு வருவோம். கஸ்வீனீ களவை அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டு மூன்றாக வகுக்கிறார். சொல்லையும் பொருளையும் அப்படியே எடுத்துக்கொள்வது ‘நஸ்க்’. சொற்களில் சிலவற்றை மாற்றியோ முன்பின்னாக அடுக்கியோ எடுப்பது ‘மஸ்க்’. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு சொல்லாடை போர்த்துவது ‘ஸல்க்’. ஒலியால் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இம்மூன்று சொற்களின் வேர்ப்பொருளைத் தமிழில் சொன்னால் படியெடுத்தல், உருச்சிதைத்தல், தோலுரித்தல் எனலாம். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. ஆனால் நமக்கு வியப்பளித்தது இந்தப் பகுப்பு அன்று. அதைத் தொடரும் தீர்ப்பு. முதலாவது வகை முற்றிலும் இழிந்தது. இரண்டாவது வகையில் பின்வந்தவரின் செய்யுள் முன்னவருடையதை விடச் சிறந்திருந்தால் அது பாராட்டுக்குரியது. தாழ்ந்திருந்தால் பழிப்புக்குரியது. சமமாக இருந்தால் பழி குறையும். பெருமை முன்னவருக்கே சேரும். களவு என்ற தலைப்பின் கீழ் பாராட்டுக்கும் ஓரிடம் ஒதுக்கிய திறனாய்வு மரபு இது. இன்றைய நம் சண்டைகளில் இந்த நிதானம் அரிது.

இந்த நிதானம் எளிதில் வந்ததன்று. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் அரபுத் திறனாய்வாளர் பலருக்குக் களவு கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தது. புஹ்துரீ அபூதம்மாமிடம் திருடினார் என்று ஒரு கூட்டம். முதனப்பீ எல்லாரிடமும் திருடினார் என்று இன்னொரு கூட்டம். ஹாத்திமீ என்ற அறிஞர் முதனப்பீயை பக்தாதில் நேரிலேயே மடக்கி, அவ்விவாதத்தைத் தனி நூலாகவே எழுதிவைத்தார். ஸாஹிப் இப்னு அப்பாத் என்ற அமைச்சர் முதனப்பீயின் குறைகளுக்கென்றே ஒரு நூல் செய்தார். அந்த அமைச்சரின் ஆதரவில் ரய் நகரத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர் அலீ இப்னு அப்துல் அஸீஸ் ஜுர்ஜானீ (மறைவு: ஹிஜ்ரி 392). முதனப்பீக்கும் அவருடைய எதிரிகளுக்கும் நடுவே நின்று அவர் எழுதிய ‘அல்வஸாத்தா’ என்னும் நூலை, அரபுத் திறனாய்வின் தலைசிறந்த நூல்களில் ஒன்றாக நாம் கருதுகிறோம்.

அதில் அவர் வைக்கும் நிபந்தனை கடுமையானது. களவு, பறிப்பு, சூறை, கைமறைவாக உருவுதல், நிழலாகத் தொட்டுச் செல்லுதல் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தறியத் தெரியாதவர் இத்துறையில் வாய் திறக்கலாகாது. எல்லார்க்கும் பொதுவானது எது, ஒருவருக்கே உரியது எது என்று அறியாதவருக்கும் அதே விதி. அழகியை நிலவுக்கும் வள்ளலைக் கடலுக்கும் வீரனைச் சிங்கத்திற்கும் ஒப்பிடுவதில் யாரும் யாரிடமும் திருடவில்லை, அவை பொதுச்சொத்து. இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரு கவிஞர் திருடினார் என்று அறுதியிட்டுத் தீர்ப்புக் கூறுவதைத் தமக்கே தடை செய்துகொள்கிறார். பிறருக்கும் அதை அவர் அனுமதிக்கவில்லை. முன்னவரின் கவிதை இவர் காதில் விழுந்ததா, அல்லது இருவர் உள்ளத்திலும் ஒன்றே உதித்ததா என்பதை யார் அறிவார் என்பது அவருடைய தயக்கம். சாட்சியில்லாமல் ஹத்து நிறைவேற்றாத காழியின் கை இங்கே பேனா பிடிக்கிறது.

அவருக்கு நூற்றாண்டுக்கும் மேலாக முந்தியவர் ஜாஹிழ். கருத்துகள் வழியெங்கும் கொட்டிக் கிடக்கின்றன, அரபியும் பிறமொழியாளரும் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் அவற்றை அறிவர், திறமை சொல்லைத் தேர்ந்து வார்ப்பதில்தான் என்று அவர் கருதினார். இதே ஜாஹிழ் வேறோரிடத்தில் தம் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். தம் பெயரில் வெளியிட்ட நல்ல நூல்களைப் பொறாமையாளர் குதறினார்களாம். அதைவிடத் தாழ்ந்த நூல்களை முன்னோர் சிலரின் பெயரில் வெளியிட்டபோது அதே மனிதர்கள் தேடிவந்து படியெடுத்துப் பாடம் கேட்டார்களாம். பிறர் எழுத்தில் தன் பெயரை ஒட்டுகிறவரை அறிவோம். தன் எழுத்தில் பிறர் பெயரை ஒட்டியவர் இவர். இரண்டிலும் வாசகர் ஏமாறுகிறார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

களவு கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? வலியவரிடம் பறிகொடுத்தவர் செய்யக்கூடியது அதிகமில்லை. ஷமர்தல் என்ற கவிஞர் ஒரு செய்யுளைப் பாடக் கேட்ட ஃபரஸ்தக், அதை விட்டுவிடுகிறாயா, உன் மானத்தை விட்டுவிடுகிறாயா என்று அதட்டினார். வசைபாடுவதில் ஃபரஸ்தக்குக்கு நிகரில்லை என்பது ஷமர்தலுக்குத் தெரியும். எடுத்துக்கொள், அல்லாஹ் அதில் உனக்கு பரக்கத் தராதிருக்கட்டும் என்று சொல்லி விட்டுவிட்டார். வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ முன்னெச்சரிக்கையான மனிதர். தம் ‘முரூஜுத் தஹபி’ல் யாரேனும் கைவைத்தால், அதாவது மாற்றினால், குறைத்தால், வேறொருவர் பெயரில் ஏற்றினால், அவர்மீது இறைவனின் சினம் இறங்கட்டும் என்று நூலிலேயே எழுதிவைத்துவிட்டார். பூட்டுப் போடுவது போன்ற சாபம் இது. கள்வர் பூட்டுக்கு அஞ்சுவதில்லை என்பது வேறு கதை.

நம் மனத்தைத் தொட்டவர் லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரீ (ரஹ்). ‘கஷ்ஃபுல் மஹ்ஜூப்’ நூலின் தொடக்கத்திலேயே தம் பெயரை ஏன் எழுதினோம் என்று அவர் விளக்குகிறார். அவருடைய கவிதைத் தொகுப்பை ஒருவர் இரவல் வாங்கிச் சென்றார். வேறு பிரதி கிடையாது. வாங்கியவர் ஹுஜ்வீரீயின் பெயரை நீக்கிவிட்டு அதை ஊரெல்லாம் பரப்பினார். பிறகு தஸவ்வுஃப் பற்றி ‘மின்ஹாஜுத்தீன்’ என்று ஒரு நூல் எழுதினார். அதற்கும் அதே கதி நேர்ந்தது. தம் பெயரை அழித்துவிட்டு நூலைச் சொந்தம் கொண்டாடிய ஆசாமியைப் பார்த்து, அவருடைய தரம் அறிந்தவர்கள் சிரித்தார்கள் என்கிறார் ஹுஜ்வீரீ. அந்த இரு நூல்களும் இன்று நம் கைக்கு வந்து சேரவில்லை. உலகப்பற்றை விடுவது குறித்து எழுதப்போகும் ஸூஃபி ஒருவர் தம் பெயரைப் பதிக்க வேண்டியதன் அவசியத்தைப் பேசித்தான் நூலைத் தொடங்குகிறார். இதில் முரண் காண்போர் இருக்கலாம். நாம் காணவில்லை. பெயர் அழிந்தால் பொறுப்பும் அழிகிறது. ஒரு கருத்தை யாரிடம் போய்க் கேட்பது, பிழையிருந்தால் யாரைத் திருத்தச் சொல்வது என்று தெரியாமற் போகிறது. ஸனது இல்லாத செய்தியை ஹதீஸ் கலையினர் ஏன் ஏற்பதில்லையோ அதே காரணம்தான்.

இனி ஸுயூத்தீ இமாமிடம் வருவோம். ஆசிரியர்களில் அவரளவு களவைப் பற்றி எழுதியவரும் அரிது. அவரளவு களவுப் பழி சுமந்தவரும் அரிது. நபி (ஸல்) அவர்களின் தனிச்சிறப்புகளையும் முஃஜிஸாத்துகளையும் பழைய மூலங்களில் தேடித் தொகுப்பதில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். அந்த உழைப்பை ஒருவர் தம் நூலில் வாரிக்கொண்டார் என்பதற்காக அவர் எழுதியதே ‘அல்ஃபாரிக் பைனல் முஸன்னிஃபி வஸ்ஸாரிக்’. எழுத்தாளனையும் திருடனையும் பிரித்துக் காட்டும் நூல் என்பது தலைப்பின் பொருள். மகாமா நடையில், எதுகை உரைநடையில் அமைந்தது. இரவில் வந்து தட்டுபவனைக் குறிக்கும் ‘தாரிக்’ என்ற குர்ஆன் சொல்லின் ஓசையைப் பிடித்துக்கொண்டு ‘ஸாரிக்’ என்ற சொல்லுக்குத் தாவுகிறது அதன் தொடக்கம். படிக்கும்போது உதட்டில் புன்னகை வராமல் இராது.

ஆனால் ஒரு வழக்குரையாக அது நிறைவளிக்கவில்லை என்பதே நம் கருத்து. எதுகை வேகத்தில் ஏச்சு பெருகுகிறது, சான்று மெலிகிறது. திருடியவரின் பெயரும் அதில் இல்லை. பெயர் சொல்லாதது பெருந்தன்மை என்று கொள்ளலாம்தான். ஆனால் அதன் விளைவாக அவர் இவரா அவரா என்று பின்வந்தோர் பல நூற்றாண்டு காலம் ஊகித்துக்கொண்டிருக்க நேர்ந்தது. பெயர் மறைக்கப்பட்டதைக் கண்டிக்கும் நூல் தானும் ஒரு பெயரை மறைக்கிறது.

மாறாக, இமாம் கஸ்தல்லானீ (மறைவு: ஹிஜ்ரி 923 / கி.பி. 1517) மீது அவர் தொடுத்த வழக்கு பற்றி வரலாற்று நூல்கள் தரும் செய்தி அறிவுக்கு விருந்து. கஸ்தல்லானீயின் ‘அல்மவாஹிபுல் லதுன்னிய்யா’ தம் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டது, எடுத்த இடம் சொல்லப்படவில்லை என்று ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அன்ஸாரீ (ரஹ்) முன்னிலையில் ஸுயூத்தீ முறையிட்டார். சான்று கேட்கப்பட்டது. அவர் தந்த சான்று இதுதான். கஸ்தல்லானீ பல இடங்களில் பைஹகீ கூறியதாக எழுதுகிறார். பைஹகீ நிறைய நூல்கள் எழுதியவர். அவற்றுள் எந்த நூலில் இதைக் கண்டார் என்று இவர் சொல்லட்டும். சொல்ல முடியாது, ஏனெனில் இவர் பைஹகீயைப் பார்க்கவில்லை. நம் நூலில் பைஹகீயின் பெயரைப் பார்த்தார், எடுத்தார். பைஹகீயிடமிருந்து ஸுயூத்தீ எடுத்துரைத்ததாக எழுதுவதுதான் இவர் செய்திருக்க வேண்டியது.

இதில் எதுகையில்லை, ஏச்சில்லை. 500 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வாதம் கூர் மழுங்காதிருக்கிறது. இன்று நம் பல்கலைக்கழக அரபுத் துறைகளில் ஏற்கப்படும் ஆய்வேடுகளின் மேற்கோள் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆய்வாளர் கண்ணாலும் கண்டிராத கையெழுத்துப் பிரதிகள் வரிசையாக அணிவகுக்கும். தேடிப் போனால் அத்தனையும் ஒரே ஒரு எகிப்திய நூலின் அடிக்குறிப்பில் முடியும். வாக்கியத்தைத் திருடுவதை விட இது நுட்பமானது. இங்கே களவு போவது ஒருவரின் தேடல், தூசி படிந்த ஏடுகளோடு அவர் கழித்த இரவுகள்.

கதையின் பிற்பகுதி நமக்கு முக்கியம். ஸுயூத்தீயின் மனத்தாங்கலைப் போக்க விரும்பிய கஸ்தல்லானீ கெய்ரோவிலிருந்து புறப்பட்டார். நைல் நதியின் ரவ்ளாத் தீவில் ஸுயூத்தீ மக்களை விட்டு ஒதுங்கி வாழ்ந்த வீட்டை அடைந்து கதவைத் தட்டினார். உள்ளிருந்து யார் என்று குரல் வந்தது. தாம் கஸ்தல்லானீ என்றும், தங்கள் மனம் தம்மைப் பொருந்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக வெறுங்காலுடன், தலையில் ஒன்றும் அணியாமல் வந்திருப்பதாகவும் சொன்னார். என் மனம் உம்மைப் பொருந்திக்கொண்டது என்று உள்ளிருந்து விடை வந்தது. கதவு திறக்கவில்லை. இருவரும் சந்திக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை ஸுயூத்தீயின் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களைக் கேட்டிருக்கிறோம். கஸ்தல்லானீயின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதே பொருத்தம். மன்னிப்பைக் கதவிடுக்கு வழியாக நீட்டுவது மார்க்கத் தீர்ப்பில் மன்னிப்புத்தான். ஆனால் கெய்ரோவிலிருந்து அவ்வளவு தூரம் வெறுங்காலுடன் நடந்து வந்தவருக்கு ஒரு குவளைத் தண்ணீராவது உரியதல்லவா? ஒதுங்கி வாழ்ந்தவர், யாருக்கும்தான் கதவு திறக்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். நம் மனம் அதை முழுதாக ஏற்கவில்லை. அதோடு கஸ்தல்லானீயின் நூலுக்கும் நாம் நீதி செய்ய வேண்டும். ‘மவாஹிப்’ வெறும் ஒட்டுப்போட்ட சட்டை அன்று. ஸுர்கானீ போன்ற ஒருவர் அதற்கு விரிவான பேருரை எழுதினார் என்றால், எடுத்ததற்கு மேல் அதில் ஏதோ இருந்தது.

அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவர்மீதே அதே பழி இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. அவருடைய சமகாலத்தவர் ஸகாவீ (மறைவு: ஹிஜ்ரி 902 / கி.பி. 1497), மஹ்மூதிய்யா நூலகத்தில் கிடந்த, பலர் அறியாத பழைய நூல்களை எடுத்துச் சிறிதே மாற்றி, முன்பின் ஆக்கித் தம் பெயரில் ஸுயூத்தீ வெளியிட்டார் என்று எழுதிவிட்டார், தம் நூல்களிலிருந்தும் எடுத்தார் என்றார். ஸுயூத்தீ சும்மா இருக்கவில்லை. ‘அல்காவீ’, சூடுபோடுவது, என்று தலைப்பிட்டு ஒரு மறுப்பு எழுதினார். பின்னாளில் யமனின் ஷவ்கானீ (மறைவு: ஹிஜ்ரி 1250 / கி.பி. 1834) ஸுயூத்தீக்காக வாதாடினார். போட்டியாளர் ஒருவரையொருவர் குறைகூறுவது ஏற்கப்படாது. முன்னோர் நூல்களிலிருந்து பின்னோர் எடுப்பது நூலாசிரியர்களின் வழக்கமே என்பது அவர் வாதம். முதல் பகுதி ஹதீஸ் கலையின் விதி, மறுப்பதற்கில்லை. இரண்டாவது பகுதியை ஏற்றால் கஸ்தல்லானீயையும் அல்லவா விடுவிக்க வேண்டும்?

ஸுயூத்தீயின் தரப்பில் சொல்லத்தக்க வலுவான ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஸகாவீயோ ஷவ்கானீயோ வேண்டாம், ஜலாலைனே போதும். 21 வயது இளைஞர் மஹல்லீயின் நடையை வரிக்கு வரி ஒற்றி எழுதினார், தையல் தெரியவில்லை. இருந்தும் இஸ்ரா அத்தியாயத்தின் முடிவில், எது தம் பகுதி, எது மஹல்லீயுடையது என்பதைப் பதிவு செய்து, தம் பகுதியின் நன்மைகளெல்லாம் அவருடைய எழுத்திலிருந்து பெற்றவை என்று குறிப்பும் எழுதிவைத்தார். அதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ரூஹ் என்பதற்கு மஹல்லீ ‘ஸாத்’ அத்தியாயத்தில் ஒரு விளக்கம் தந்திருக்கிறார். அதைப் பின்பற்றி ஸுயூத்தீயும் ‘ஹிஜ்ர்’ அத்தியாயத்தில் எழுதினார். பிறகு, ரூஹ் பற்றிய அறிவை இறைவனிடமே விட்டுவிடும் இஸ்ரா வசனத்தை எண்ணித் தாம் எழுதியதை அடித்துவிட்டார். மூத்தவரின் பகுதியில் கைவைக்கவில்லை. தம் எழுத்தை மட்டும் அடித்தார்.

2011இல் நாம் எழுதிய கட்டுரையின் உயிர்நிலை இந்த இடந்தான். கருத்து வேறுபாட்டை, மூத்தவரின் எழுத்தைத் தொடாமல் தன் எழுத்தை அடிப்பதன் மூலம் தெரிவித்த அந்த அதபைச் சுட்டிக் காட்டினோம். படித்தவர்கள் பாராட்டியதும் அதையே. நம் மாணவரின் சிறு நூலிலும் அப்பகுதி சொல் மாறாமல் இருந்தது. கோபத்தின் உச்சியில், இது நம்முடையது என்று நிறுவுவதற்காக நம் பழைய குறிப்பேடுகளை எடுத்தோம். 1989இல் ஓதிய காலத்து ஏடு ஒன்று கிடைத்தது. ஹிஜ்ர் அத்தியாயப் பாடத்தின் ஓரத்தில், நம் கையெழுத்தில், பென்சிலில், இரண்டு வரிகள். அந்த அதபைப் பற்றியவை. மேலே ‘உஸ்தாத் சொன்னது’ என்று எழுதியிருந்தோம்.

உஸ்தாத் 2003இல் வஃபாத் ஆகிவிட்டார். ஒரு வரிகூட அவர் அச்சிட்டதில்லை. 20 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கருத்து நம் உள்ளத்தில் ஊறி, நம்முடையதாகவே ஆகிவிட்டிருந்தது. வேண்டுமென்று மறைத்தோமா? இல்லை. ஆனால் காழி ஜுர்ஜானீயின் தயக்கம் நமக்குச் சாதகமாகவே பயன்பட வேண்டும் என்று விரும்பும் நாம், அதே தயக்கத்தை நம் மாணவருக்குத் தரத் தயாராக இருந்தோமா என்ற கேள்வி எழுந்தது. அவருடையது நஸ்க், நம்முடையது ஸல்க் என்று வகை பிரித்துக்கொள்ளலாம். வேறுபாடு உண்மையானதுதான். எனினும் அன்றிரவு அது ஆறுதல் தரவில்லை.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்போருக்குச் சுருக்கமாக. களவுக்குரிய ஹத்து இங்கே வராது. நூலின் பிரதியையே திருடினால்கூட ஹனஃபீ மத்ஹபில் அத்தண்டனை இல்லை. நூலாக்கம் விற்று வாங்கத்தக்க உரிமையா என்பதில் முந்தைய தலைமுறை தேவ்பந்த் அறிஞர்களிடையே மறுப்பு இருந்தது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாதமி தன் 43ஆம் தீர்மானத்தில், நூலாக்கமும் கண்டுபிடிப்பும் அவற்றுக்கு உரியவர்களின் உரிமை, அதில் அத்துமீறல் கூடாது என்று அறிவித்தது. நாம் அதையே ஏற்கிறோம். ஆயினும் அந்தத் தீர்மானத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் ஒரு செய்தி சொல்கிறார். ஹதீஸ்கள் எழுதிய தாள் ஒன்று ஒருவரிடமிருந்து விழுந்துவிட்டது. கண்டெடுத்தவர் அதைப் படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கலாமா என்று இமாம் அஹ்மதிடம் கேட்கப்பட்டது. கூடாது, அனுமதி கேட்டபின் எழுதட்டும் என்றார் இமாம். நபிமொழி எவருக்கும் தனிச்சொத்து அன்று. அதைத் தேடிச் சேர்த்து எழுதியவரின் உழைப்புக்கு உரியவர் இருக்கிறார்.

எல்லாவற்றையும் களவாக்கும் போக்கும் நமக்கு உடன்பாடில்லை. ஹலபில் வாழ்ந்த இப்னு நுபாத்தாவின் குத்பாத் தொகுப்பு நம் கடற்கரை ஊர்ப் பள்ளிகளின் மிம்பர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. கத்தீபைத் திருடர் என்று யாரும் சொன்னதில்லை. கையில் கிதாபு இருப்பது ஜமாஅத்துக்குத் தெரியும். இன்று வாட்ஸ்அப்பில் வரும் பயானை மனனம் செய்து தம் சிந்தனை போல் முழங்கும் இளம் ஆலிம்களின் நிலை அதுவன்று. கையிலிருக்கும் கிதாபை மறைப்பதில்தான் குற்றம் தொடங்குகிறது. தமக்கு வழங்கப்படாததைக் கொண்டு நிறைந்தவர் போல் காட்டிக்கொள்பவரைப் பொய்யின் ஈராடை உடுத்தியவருக்கு ஒப்பிட்ட நபிமொழியும் இந்தப் பாவனையைத்தான் கண்டிக்கிறது.

கடிதத்தை நாம் அனுப்பவில்லை. தொலைபேசியில் பேசினோம். ஸலாம் சொன்னார், குரலில் நடுக்கம் இருந்தது. “ஹஸ்ரத், நீங்க ஓதிக் கொடுத்ததுதானே” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நியாயமும் அநியாயமும் சரிபாதியாகக் கலந்திருந்தன. ஓதிக் கொடுத்தது அவருக்கு உரியதுதான். எழுதிக் கொடுத்தது நாம் அல்லவே. பெயர் போட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னோம். பிறகு, 846 அன்று, 864 என்றும் சொன்னோம். அது நம் பிழை என்பதையும் சொன்னோம். நீண்ட நேரம் மறுமுனையில் ஓசையில்லை.

அடுத்த ஆண்டு நம் கட்டுரைகள் தொகுப்பாக வந்தபோது, ஜலாலைன் கட்டுரையின் தலைப்பின் கீழேயே உஸ்தாதின் பெயரைப் போட்டோம். அந்தக் கருத்து அவருடையது என்று எழுதினோம். உஸ்தாதின் மகனார் ஒரு பிரதி கேட்டு வாங்கிச் சென்றார். தம் தந்தையின் பெயரை அச்சில் பார்ப்பது இதுவே முதல் முறை என்றார்.

அவ்வாண்டு நோன்புப் பெருநாளன்று இஷாவுக்குப் பின் வாசலில் யாரோ நின்றார்கள். நம் மாணவர். கையில் சிறு நூலின் இரண்டாம் பதிப்பு. கதவைத் திறந்து உள்ளே அழைத்தோம். வீட்டில் தேநீர் கொண்டுவந்தார்கள். 11ஆம் பக்கத்தைப் புரட்டினோம். 864 என்று சரியாக இருந்தது. முன்னுரையின் கடைசியில், பிழை சுட்டிக் காட்டிய பெரியவர் ஒருவருக்கு நன்றி கூறப்பட்டிருந்தது. அந்தப் பெரியவரின் பெயர் இல்லை. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றோம்.